நாயோ பூனையோ காணாமல் போனால்: வடசென்னைத் தெருக்களில் தேடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். ‘காணவில்லை’ நோட்டீஸ் அடிக்க மாதத்துக்கு ஓரிருவராவது வருகிறார்கள். அழுது சிவந்த கண்கள், கையில் செல்போன், அதில் மங்கலாக ஒரு படம். நான் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தீர்களா?” பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

நோட்டீஸ் அடித்தால் எனக்குத்தான் காசு. இருந்தாலும் சொல்கிறேன், நோட்டீஸ் என்பது ஆறாவது வேலை. முதல் ஐந்தையும் விட்டுவிட்டு என் கடைக்கு ஓடிவருகிறவர்கள், பிராணி வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் அந்த முதல் சில மணி நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

இப்போது தேடிக்கொண்டிருப்பவர்கள் 1இலிருந்து படியுங்கள். உங்கள் பிராணி காலடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்றால் 10ஆம் பகுதியை முதலில் படியுங்கள்.

1. தெருவில் இறங்கும் முன்

ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். எல்லோரும் முதலில் மீறுவது இதைத்தான். பதற்றத்தில் குடும்பமே ஆளுக்கொரு திசையாக ஓடும், வீடு பூட்டிக் கிடக்கும். தானாகத் திரும்பி வந்த பூனை மூடிய கதவைப் பார்த்துவிட்டு மறுபடியும் போய்விடும். வயதானவர் யாராவது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே போதும். கதவு ஒரு சாண் திறந்திருக்கட்டும். நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத துணி ஒன்றைப் படியில் போட்டு வையுங்கள். மோப்பத்தை நம்பி வாழும் உயிருக்கு அதுவே விலாசம்.

அடுத்து, வீட்டுக்குள் தேடுங்கள். பீரோவின் மேல், பரண், வாஷிங் மெஷினின் உட்புறம், கட்டிலடிப் பெட்டி, பிரிட்ஜின் பின்புறம், அழுக்குத் துணிக் குவியல். கண்ணால் பார்ப்பது போதாது, கையை விட்டுத் துழாவுங்கள். பயந்த பூனையும் உடம்பு சரியில்லாத பூனையும் கூப்பிட்டால் குரல் கொடுக்காது. ‘கூப்பிட்டேன், பதில் இல்லை, அதனால் வீட்டில் இல்லை’ என்ற கணக்கு தப்பு.

பிறகு ஒரு பையில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: டார்ச், தினமும் தீனி போடும் அதே டப்பா, கழுத்துப்பட்டையும் கயிறும், தடிமனான ஒரு துண்டு. பகலானாலும் டார்ச் வேண்டும். நிறுத்தியிருக்கும் ஆட்டோவின் அடியில் நண்பகலிலும் இருட்டுதான். துண்டு எதற்கு என்பதை 9ஆம் பகுதியில் சொல்கிறேன்.

2. எப்படிப் போனது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசியுங்கள். போன விதம் தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பது தெரியும்.

வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடியதா? நம் பகுதியில் இதற்குத் தீபாவளி வர வேண்டியதில்லை. ஒரு சாவு ஊர்வலம் போதும், மேளமும் சரவெடியும் தெருவையே உலுக்கிவிடும். அப்படி ஓடிய நாய் திரும்பிப் பார்க்காமல் நேராக, வெகுதூரம் ஓடும். ஓட்டம் நின்ற பிறகும் பல மணி நேரம் யாரையும் நம்பாது. உங்களையும்தான்.

கேட் திறந்திருந்ததால் சும்மா வெளியே போனதா? அப்படியானால் நீங்கள் தினமும் நடக்கக் கூட்டிப்போகும் வழியிலேயே போயிருக்கும். கருத்தடை செய்யாத ஆண் நாயா? பருவத்தில் இருக்கும் பெண் நாயைத் தேடிப் போயிருக்கலாம், ஏழெட்டு நாய்கள் கும்பலாக நிற்கும் இடத்தைப் பாருங்கள். அண்மையில் வீடு மாறினீர்களா? பழைய வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கொருக்குப்பேட்டைக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் நாய், மூன்றாம் நாள் பழைய வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்திருந்தது.

காசிமேடு, ராயபுரம் பக்கம் இன்னொரு வழியும் உண்டு. மீன் ஏற்றி வரும் குட்டியானை வண்டியில் ஏறிப் படுத்த பூனை வண்டியோடு போய்விடும். உங்கள் தெருவில் சரக்கு இறக்கிய வண்டி எது, அடுத்து எங்கே போனது என்று விசாரியுங்கள்.

விலை உயர்ந்த இன நாய்க்குட்டி வாசலில் கட்டியிருந்த கயிற்றோடு மறைந்துவிட்டால் அது தொலைந்ததாக இருக்க வாய்ப்பில்லை. நேராக 8ஆம் பகுதிக்குப் போங்கள்.

3. பூனை: தூரத்தில் அல்ல, உயரத்தில் தேடுங்கள்

காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. கிடைத்தவற்றில் முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. உரிமையாளர் தானே இறங்கித் தேடியபோது உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு கூடியது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. அது வெளிநாட்டுக் கணக்கு. நான் பார்த்தவரை, வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை இங்கே நான்கைந்து வீடுகளைக்கூடத் தாண்டுவதில்லை.

ஆனால் நம் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு மாடியில் ஏறிய பூனை தரையில் கால் வைக்காமலே தெருக்கோடி வரை போய்விடலாம். அதனால் மாடியிலிருந்து தொடங்குங்கள். இடப்பக்கம் மூன்று வீடு, வலப்பக்கம் மூன்று, எதிரே மூன்று, பின் தெருவில் முதுகு ஒட்டிய மூன்று. இந்தப் பன்னிரண்டையும் முடிக்காமல் தெருமுனையைத் தாண்டாதீர்கள்.

“எங்கள் மாடியில் இல்லை” என்று கீழே நின்றபடி சொல்லும் பதிலை ஏற்காதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, ஏறிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். “அக்கா, ஒரே நிமிடம், நானே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறேன்” என்று கேளுங்கள். நம் ஊரில் இதற்கு மறுப்பு அபூர்வம். தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், உடைந்த நாற்காலிக் குவியல், புறாக்கூண்டின் அடி, மாடிப்படி அறை எல்லாவற்றையும் பாருங்கள்.

மாடிப்படி அறை என்று சொல்லும்போது எனக்கு நாக்கு தடுமாறும். எங்கள் வீட்டுப் பூனை காணாமல் போன நான்கு நாளும் நான் காசிமேட்டு ஏலக்கூடத்தைச் சுற்றிவந்தேன். பூனை என்றால் மீனுக்குத்தானே போகும் என்று என் மூளை சொன்னது. அது இரண்டாம் வீட்டு மாடியறையில் பூட்டிக் கிடந்தது. வடாம் காயவைக்க ஏறியவர்கள் இறங்கும்போது பூட்டிவிட்டார்கள். கூரை ஒழுகித் தேங்கிய மழைத் தண்ணீர் இருந்ததால் பிழைத்தது.

வாரியக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் மாடியோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தரைத்தள மாடிப்படியின் அடிப்பொந்து, கழிவுக் குழாய்கள் இறங்கும் இரண்டு சுவர்களின் இடைவெளி, மோட்டார் அறை. குனிந்து பார்த்தால் போதாது, தரையில் படுத்துப் பாருங்கள். தெருவோர மின்பெட்டிக்குள் குரல் கேட்டால் கையை நீட்டாதீர்கள், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மழைநீர் வடிகாலுக்குள் குரல் கேட்டால் மாநகராட்சி 1913. கிணறு போன்ற இடமென்றால் தீயணைப்புத் துறை 101. வடிகால் மூடியைத் தாங்களே பெயர்த்து உள்ளே இறங்குவதை வீரம் என்று நினைக்கிறார்கள். உள்ளே விஷவாயு இருந்தால் ஏறி வர மாட்டீர்கள்.

பகலில் கிடைக்கவில்லை என்றால் இரவு 11 மணிக்கு மேல் மறுபடி இறங்குங்கள். பூனைக்கு வெளியே வரத் துணிவு பிறக்கும் நேரம் அது. டார்ச்சைப் புருவத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பூனையின் கண் அந்த ஒளியைத் திருப்பி அடிக்கும், பச்சையாக இரண்டு புள்ளிகள் தெரியும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் இந்த ஒளி உங்கள் கண்ணுக்கு வராது. கத்திக் கூப்பிட வேண்டாம். ஓரிடத்தில் உட்கார்ந்து, வீட்டில் பேசும் அதே குரலில் பேசுங்கள், தீனி டப்பாவைக் குலுக்குங்கள்.

மீன் வைத்து அழைக்கலாமே என்பார்கள். கடலோரத் தெருக்களில் மீன் வாசனை காற்றிலேயே இருக்கிறது, அதில் உங்கள் ஒரு துண்டு மத்தி எடுபடாது. ஊர்ப் பூனைகள் நான்கு வந்து உங்கள் பூனையை விரட்டிவிடுவதுதான் நடக்கும். டப்பாச் சத்தம் உங்கள் பூனைக்கு மட்டும் புரிந்த மொழி.

4. நாய்: துரத்தாமல் தேடுவது எப்படி

நாய்க்குப் பரப்பு பெரிது. ஒரு தாளில் உங்கள் பகுதியை வரைந்து, நாய் எளிதில் தாண்டாத எல்லைகளைக் குறியுங்கள். பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், கும்மிடிப்பூண்டி ரயில் பாதை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை. மிரண்ட நாய் இவற்றை மோதியதும் பெரும்பாலும் ஓரமாகவே திரும்பி ஓடும். அதனால் தெருத்தெருவாக அலைவதைவிட இந்த ஓரங்களை முதலில் பார்ப்பது பலன் தரும்.

இரண்டு பேர், ஒரு பைக். அதற்கு மேல் கூட்டம் சேர்க்காதீர்கள். பத்துப் பையன்கள் விசில் அடித்துக்கொண்டு கிளம்பினால் நாய்க்கு அது வேட்டை. ஒவ்வொரு முனையிலும் வண்டியை அணைத்துவிட்டுக் காது கொடுங்கள். தெரு நாய்கள் ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. புதிய நாய் நுழைந்தால் ஒரு தெருவில் தொடங்கும் குரைப்பு அடுத்த தெருவுக்கு நகர்ந்துகொண்டே போகும். விடியற்காலை நான்கு மணி அமைதியில் அந்தக் குரைப்பு போகும் திசையைப் பின்பற்றியே எங்கள் தெருவில் ஒரு நாயைக் கண்டுபிடித்தோம்.

கண்ணில் பட்டதும் பெயர் சொல்லிக் கத்தியபடி ஓடுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய தவறு. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் இரவு முழுவதும் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. துரத்தப்பட்ட நாய் அதற்குள் பாயும். பார்த்த இடம், நேரம், போன திசை மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே இடத்தில் கொஞ்சம் சாப்பாடு வைத்துவிட்டு விலகி உட்காருங்கள். பசித்த நாய் சாப்பாடு கிடைத்த இடத்துக்குத் திரும்பும்.

5. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

வழிப்போக்கர்களிடம் கேட்டுப் பயனில்லை. ஓரிடத்திலேயே இருப்பவர்களும் வீடு வீடாகப் போகிறவர்களும்தான் பார்த்திருப்பார்கள். விடியற்காலையில் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கள், டீக்கடைக்காரர். பகலில் இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு. மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள். இரவு பத்து மணிக்கு மேல் கேரம் மன்றம். அங்கே இருப்பவர்களுக்குத் தெருவில் நடப்பது எதுவும் தப்பாது. தெரு நாய்களுக்குச் சோறு வைக்கும் அக்கா ஒருவர் எல்லாப் பகுதியிலும் இருப்பார். அவரைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. புதிய நாய் வந்தால் முதலில் அறிகிறவர் அவர்தான்.

கேள்வியும் முக்கியம். “என் நாயைப் பார்த்தீர்களா?” என்றால் “இல்லையே” என்பார்கள். “நேற்று ராத்திரியிலிருந்து இந்தப் பக்கம் புதிதாக ஏதாவது நாய் வந்ததா?” என்று கேளுங்கள். உங்கள் நாய் அவர்களுக்குத் தெரியாது, தெருவுக்குப் புதிய நாய் எது என்பது தெரியும்.

பிள்ளைகளிடம் பரிசுத் தொகையைச் சொல்லாதீர்கள். சொன்னால் கண்டதும் துரத்திப் பிடிக்கப் பார்ப்பார்கள். “பார்த்தால் தொடாதே, என்னிடம் ஓடிவந்து சொல்” என்று மட்டும் சொல்லுங்கள்.

புறா வளர்ப்பவர்கள் யாரும் இதுவரை என்னிடம் நோட்டீஸ் அடிக்க வந்ததில்லை. மாடியில் ஏறிக் கூண்டைத் திறந்து வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார்கள். பச்சைக்கிளி தொலைந்தது என்று வந்தவர்கள் உண்டு. நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

6. நோட்டீஸ்: என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாக

முதல் நாள் மாலைக்குள் கிடைக்கவில்லை என்றால் அடியுங்கள். அதற்கு மேல் தாமதிக்காதீர்கள்.

படம். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த செல்லப் படம் உதவாது. தெருவில் பார்க்கிறவருக்குத் தெரிவது பக்கவாட்டு உருவமும் வாலும் கால்களும். நின்றபடி இருக்கும் பக்கவாட்டுப் படம் ஒன்று பெரிதாகவும், முகம் சிறிதாக மூலையிலும் இருக்கட்டும். தலையில் தொப்பி, கழுத்தில் சிவப்பு டை கட்டிய பிறந்தநாள் படத்தைக் கொண்டுவராதீர்கள். தொலைந்த நாள் அது டை கட்டிப் போகவில்லை.

கறுப்பு வெள்ளையில் அடித்துச் செலவைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். பழுப்பு நாய் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் வெறும் கரிக்கட்டை. நூறு கறுப்புப் பிரதிகளைவிட முப்பது வண்ணப் பிரதிகள் மேல்.

சொற்கள். தலைப்பில் ‘காணவில்லை’ மட்டும் போதாது, ‘நாய் காணவில்லை’ என்று போடுங்கள். பைக்கில் போகிறவர் இரண்டு நொடியில் படிக்க வேண்டும். இனப் பெயரைத் தலைப்பாக்காதீர்கள். ஒருவர் பிடிவாதமாக ‘ஷிட்சு காணவில்லை’ என்று அடிக்கச் சொன்னார். நோட்டீஸ் ஒட்டிய டீக்கடைக்காரரே அந்த நாய்க்கு இரண்டு நாள் பொறை போட்டிருக்கிறார். கேட்டால், “இது ஷிட்சு இல்லை தம்பி, சடை நாய்” என்றார். அவர் சொன்னதுதான் சரியான தலைப்பு. நிறம், முழங்காலளவா கணுக்காலளவா என்ற உயரம், வால் சுருளா நீளமா, கழுத்துப்பட்டையின் நிறம், இவ்வளவு போதும்.

ஓர் அடையாளத்தை எழுதாமல் மறைத்து வையுங்கள். வயிற்றில் இருக்கும் ஒரு புள்ளி, பின்னங்காலில் ஒரு தழும்பு, எதுவானாலும். பொய் சொல்லிப் பணம் கேட்பவரைப் பிடிக்கும் ஒரே பொறி அது.

‘துரத்த வேண்டாம், பார்த்ததும் போன் செய்யவும்’ என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். போன் எண் இரண்டு கொடுங்கள், இரண்டும் எப்போதும் எடுக்கப்படுபவையாக இருக்க வேண்டும். வீட்டு முகவரி வேண்டாம், தெருவின் பெயரும் அருகிலுள்ள கோயிலோ பள்ளியோ போதும். பரிசு உண்டு என்று எழுதலாம், தொகையை எழுதாதீர்கள். பெருந்தொகையைப் பார்த்தால் நாயைத் தேடுகிறவர்களைவிட உங்களைத் தேடுகிறவர்கள் அதிகமாவார்கள்.

மொழி. தமிழ் பெரிதாக, ஓரத்தில் இந்தியில் இரண்டு வரி. சௌகார்பேட்டை, தங்கசாலைக் கடைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் இந்தி படிப்பவர்கள் நிறையப் பேர். இரவில் கட்டடத்திலேயே தங்குகிற அவர்களை யாரும் கேட்பதே இல்லை.

ஒட்டும் இடம். பொதுச் சுவர்களில் ஒட்டுவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம், நம் சுவர்களில் நீங்கள் ஒட்டிய ஒரு மணி நேரத்தில் அதன்மேல் கண்ணீர் அஞ்சலி ஏறிவிடும். கடைக்காரர்களிடம் அனுமதி கேட்டு, கண்ணாடிக்கு உட்புறமிருந்து வெளியே பார்க்கும்படி ஒட்டுங்கள். மருந்துக்கடை, ரேஷன் கடை, டீக்கடை, கோழிக்கறிக் கடை, மெட்ரோ நிலையத்தை ஒட்டிய ஆட்டோ ஸ்டாண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே ஒட்டுவதென்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, திறந்த வாய் கீழே இருக்கும்படி மாட்டுங்கள். வாய் மேலே இருந்தால் தண்ணீர் இறங்கி மை கரைந்துவிடும்.

ஒட்டிய இடங்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிராணி கிடைத்ததும் நீங்களே போய்க் கிழிக்க வேண்டும். கிழிக்காத பழைய நோட்டீஸ்களால்தான் மக்கள் புதியவற்றைப் படிப்பதில்லை.

7. வாட்ஸ்ஆப், மோசடி அழைப்புகள்

எழுத்தாகத் தட்டச்சு செய்து படத்தைத் தனியாக அனுப்பாதீர்கள். மூன்றாவது பகிர்வில் இரண்டும் பிரிந்துவிடும். நோட்டீஸையே படமாக அனுப்புங்கள், அதில் தேதி கட்டாயம் இருக்கட்டும். தேதி இல்லாத செய்தி அடுத்த ஆண்டும் சுற்றிக்கொண்டிருக்கும். தெருக் குழு, வாரியக் குடியிருப்புக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, பிறகு சென்னையின் பிராணி ஆர்வலர் பக்கங்கள். இந்த வரிசையில் அனுப்புங்கள். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பகிர்வது அன்பு, ஆனால் பயன் இல்லை.

நோட்டீஸ் வெளியே போன அன்று இரவே ஓர் அழைப்பு வரலாம். “உங்கள் நாய் என்னிடம் இருக்கிறது, வண்டிச் செலவுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்புங்கள்” என்பார். அல்லது ஒரு கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். முதலில் வீடியோ அழைப்பில் பிராணியைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால், மறைத்து வைத்த அடையாளத்தைக் கேளுங்கள். நேரில் பிராணியைக் கையில் வாங்கும் முன் ஒரு ரூபாயும் தராதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

8. அலுவலகங்கள், மருத்துவமனைகள், காவல் நிலையம்

இவற்றை இரண்டாம் நாள் காலையில் தொடங்குங்கள். திருட்டு என்றால் முதல் மணி நேரத்திலேயே.

மாநகராட்சியின் 1913இல் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் இரண்டு நாட்களில் நாய் பிடிக்கும் வண்டி வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் புளியந்தோப்பில் உள்ள நாய் இனக்கட்டுப்பாட்டு மையத்துக்கு நேரில் போய்ப் பாருங்கள். போனில் விவரித்தால், பழுப்பு நாய் அங்கே முப்பது இருக்கும். 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பிடித்த தெரு நாயைக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கழுத்துப்பட்டை இல்லாத வளர்ப்பு நாயும் பார்வைக்குத் தெரு நாய்தான். ஆகவே அது பிடிபட்டிருந்தாலும் சில நாளில் உங்கள் தெருவருகே இறங்க வாய்ப்பிருக்கிறது. தேடலை நிறுத்தாதீர்கள்.

அடிபட்ட பிராணிகளை மக்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள்: வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிண்டியில் புளூ கிராஸ், பிறகு உங்கள் சுற்று வட்டாரத்துத் தனியார் மருத்துவர்கள். ஒவ்வோரிடத்திலும் வண்ண நோட்டீஸ் ஒன்று கொடுத்துவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை விசாரியுங்கள்.

காவல் நிலையத்தில் ‘நாய் காணோம்’ என்றால் சிரிப்பார்கள். சட்டத்தின் கண்ணில் வளர்ப்புப் பிராணி உங்கள் உடைமை. திருடப்பட்டதாகச் சந்தேகம் இருந்தால் அந்தச் சொல்லையே எழுதுங்கள், மதிப்பையும் எழுதுங்கள். தடுப்பூசிப் புத்தகம், மாநகராட்சி உரிமம், படம் ஆகியவற்றின் நகலை இணைத்து, சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சான்று) கேட்டு வாங்குங்கள். அந்த ரசீது இருந்தால் கடைக்காரர்கள் சிசிடிவி பதிவைக் காட்டத் தயங்க மாட்டார்கள். பதிவைத் தள்ளிப்போடாமல் அன்றே பாருங்கள். பல கடைகளின் கருவியில் பழைய பதிவு ஒரு வாரம், பத்து நாளில் தானாக அழிந்துவிடும்.

பிராட்வே பக்கம் ஞாயிறு காலையில் பிராணிகள் விற்கும் இடத்தையும் ஒருமுறை சுற்றி வரலாம். அங்கே விற்பதெல்லாம் திருட்டு என்று நான் சொல்லவில்லை. உங்கள் நாயைப் பார்த்தால் சண்டை போடாமல் காவல் துறைக்கு 100இல் சொல்லுங்கள்.

9. கண்டதும், பிடித்ததும்

நாய் என்றால் நேருக்கு நேர் போகாதீர்கள். பக்கவாட்டாகத் திரும்பி, தரையில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் தீனியைச் சிதறவிடுங்கள். பக்கத்தில் வந்ததும் பாய்ந்து பிடிக்காமல், முதலில் மோப்பம் பிடிக்கவிட்டு, பிறகு கயிற்றை மாட்டுங்கள். கயிறு மாட்டிய பிறகுதான் கொஞ்சல்.

பூனை என்றால் துண்டு. முழு உடம்பையும் துண்டால் போர்த்திச் சுருட்டித் தூக்குங்கள். வெறும் கையால் அணைத்துத் தூக்கிய பூனை, பைக் சத்தத்துக்கு உங்களைக் கிழித்துவிட்டு மறுபடி ஓடிவிடும். முதல் நாளைவிட அப்போது தேடுவது கடினம்.

கடித்தாலோ கீறினாலோ, உங்கள் சொந்தப் பிராணியே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டான்லி பக்கத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் தடவிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள், ரேபிஸ் நோய் வந்த பிறகு மருந்து கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் வயிறு முட்டச் சாப்பாடு போடாதீர்கள். பல நாள் பட்டினி கிடந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீருடன். காதுமடல், விரலிடுக்கு, வயிற்றடி எல்லாம் பார்த்து, தெரு நாய் கடித்த பல் தடம் ஏதாவது இருந்தால், முன்பே தடுப்பூசி போட்டிருந்தாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

10. இன்னும் தொலையாதவர்களுக்கு

கழுத்துப்பட்டையில் போன் எண்ணைப் பொறித்த தகடு மாட்டுங்கள். பிராணியின் பெயர் வேண்டாம், எண் மட்டும். பெயர் தெரிந்தால் யாரும் கூப்பிட்டு அழைத்துப்போகலாம். பூனைக்கு, இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் பட்டை வாங்குங்கள். சாதாரணப் பட்டை ஜன்னல் கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

மைக்ரோசிப் பொருத்துங்கள். அரிசி அளவுள்ள பொருள், தோள்பட்டைகளின் இடையே ஊசியால் தோலுக்கடியில் செலுத்துவார்கள். 15 இலக்க எண் ஒன்று அதில் இருக்கும். அது நாய் எங்கே இருக்கிறது என்று செல்போனில் காட்டும் என்று நம்பி வருகிறவர்கள் பலர், காட்டாது. யாராவது ஸ்கேனர் கருவியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் எண் தெரியும். அந்த எண்ணோடு உங்கள் இன்றைய போன் எண் பதிவாகியிருந்தால்தான் பயன். சிம் மாற்றியதும் அங்கேயும் மாற்றுங்கள். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் தேவை, அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும். 2025 இறுதியில், உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. அபராதத்துக்குப் பயந்து எடுத்தாலும் சரி, தொலைந்த அன்று உங்கள் கையில் இருக்கும் உரிமைச் சான்று அதுதான்.

தீனி போடும் முன் தினமும் ஒரே சத்தம் எழுப்புங்கள். டப்பாவைக் குலுக்குவதோ கரண்டியால் தட்டுவதோ, எதுவானாலும் மாற்றாதீர்கள். மூன்றாம் பகுதியில் சொன்ன டப்பா வேலை செய்ய இந்தப் பழக்கம் வேண்டும்.

வெடி நாட்களுக்கு ஒரு திட்டம் வேண்டும். தீபாவளி, புத்தாண்டு இரவு, போகியின் மேளச் சத்தம், ஆடி மாதத் திருவிழாக்கள், தெருவில் சாவு. ஜன்னல் மூடிய ஓர் உள்ளறை, மின்விசிறி ஓடட்டும், டிவி சத்தம் இருக்கட்டும். நாயை வெளியே கூட்டிப்போவதைச் சத்தம் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஊர்வலம் வருவது தெரிந்தால் கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையில் நாயைக் கட்டிவைக்காதீர்கள், உள்ளே கொண்டுபோங்கள்.

வெள்ளத்துக்கும் யோசித்து வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, கட்டிப்போட்டிருந்த கயிற்றை அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் மாடிக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும். மழை எச்சரிக்கை வந்தால் முதலில் கயிற்றை அவிழ்த்து உள்ளே விடுங்கள். பூனைக் கூடை பரணில் இருக்கக் கூடாது, எட்டும் இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, நோட்டீஸை இப்போதே தயார் செய்துவிடுங்கள். பக்கவாட்டுப் படம், முகம், இரண்டு போன் எண், அடையாளங்கள் எல்லாம் போட்டு, தேதியையும் இடத்தையும் காலியாக விட்டு, செல்போனில் ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். என் கணினியில் அப்படி இருபதுக்கு மேற்பட்ட நாய்களும் பூனைகளும் தேதிக்காகக் காத்திருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் படத்தை மட்டும் மாற்றுங்கள். குட்டியாக இருந்தபோது எடுத்த படத்தைக் கொண்டுவந்து, ஐந்து வயது நாயைத் தேட வேண்டும் என்பவர்களுக்கு என்னால் எதுவும் அடித்துத் தர முடிவதில்லை.